பெயர் தேடப்படுகிறது, காத்திருக்கவும்

அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த மருத்துவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்றார். எவ்வளவு முன்னால் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மகளின் இடது சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டு, ரத்தம் போகாமல் கறுத்துவிட்டிருந்தது. எடுத்துவிட்டார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. வலது பக்கம் நன்றாக இருக்கிறது, ஒன்று போதும், கவலைப்படாதே என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அந்தக் 'கொஞ்சம்' மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரம் யார் கையில் போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

நான் மென்பொருள் எழுதுகிறவள். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகம் எங்களுடையது. மருத்துவமனைகளுக்கான நோயாளிப் பதிவு, பரிசோதனை முடிவுகள், வார்டு விவரம் இவற்றுக்கெல்லாம் நிரல் எழுதித் தருகிறோம். என் மகளைக் கொண்டுபோன மருத்துவமனையிலும் ஓடுவது எங்கள் மென்பொருள்தான். அதில் பாதிக்கு மேல் என் கையால் எழுதியது.

அன்று மாலை நாலரை மணிக்குக் கல்லூரியிலிருந்து ஆட்டோவில் அவளை அங்கே கொண்டுபோனேன். கணவருக்குக் காரைக்காலில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து ஓர் இளம் மருத்துவர் அடிவயிற்றைத் தொட்டதும் அவள் என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். "உடனே ஸ்கேன் எடுக்கணும். பதிவு மட்டும் போட்டுட்டு வந்துடுங்க" என்றார் அவர். பதிவு எண் இல்லாமல் ஸ்கேன் எந்திரம் படத்தைச் சேமிக்காது. அந்த விதியும் எங்கள் மென்பொருளில் இருக்கிறது. ஒருவரின் படம் இன்னொருவரின் கோப்பில் ஏறிவிடக்கூடாது என்பதற்காக வைத்தது.

பதிவு மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் பெயர் கேட்டாள். நான் முழுப் பெயரையும் சொன்னேன். ஞானஸ்நானப் பெயர், அதோடு ஒட்டிய இன்னொரு புனிதரின் பெயர், அவள் அப்பாவின் பெயர், மாமனார் வழி வந்த குடும்பப் பெயர். ஆதார் அட்டையில் இருப்பது சின்னப் பெயர்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெயராக மதிப்பதில்லை. மாமனார் இருந்தவரை, "எத்தா சிவில்ல என்ன இருக்கோ அதான் பேரு. மத்ததெல்லாம் கூப்பிடறதுக்கு" என்பார். பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் அந்தப் பழைய பிரெஞ்சுப் பதிவேட்டை அவர் வேதப்புத்தகத்துக்கு அடுத்தபடி வைத்திருந்தார். ஓர் எழுத்து மாறினாலும் பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போகிற காகிதம் திரும்பி வந்துவிடும் என்று பயமுறுத்தியே எங்களைப் பழக்கிவிட்டார். எங்கே பெயர் கேட்டாலும் நீளப் பெயர்தான் வாயில் வரும். அன்றும் வந்தது. எழுத்துக்கூட்டியே சொன்னேன்.

அவள் தட்டினாள். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கீழே ஒரு வரி: 'பெயர் தேடப்படுகிறது, காத்திருக்கவும்.' அந்த வரியும் நான் எழுதியதுதான்.

"எவ்ளோ நேரம்மா ஆகும்?"

"அது ஆவும்மா. சில பேருக்குப் பட்டுனு வந்துடும். சில பேருக்கு, நான் எழுந்து போய் டீ குடிச்சிட்டு கப்பையும் கழுவி வச்சிட்டு வந்தாலும் சுத்திக்கினே இருக்கும்."

"நெட் ஸ்லோவா?"

அப்போதுதான் அவள் தலையை நிமிர்த்தினாள். "இந்தக் குரலு... மேடம், நீங்களா? சாஃப்ட்வேர் மேடமா?" தொலைபேசியில் வருடக்கணக்காகப் பேசியிருக்கிறோம், முகம் பார்த்ததில்லை. "நெட்டுதான் பிரச்சனைன்னு ரெண்டு வருஷமா நீங்கதான மேடம் சொல்றீங்க. நெட்டுக்காரன் ரெண்டு தடவ வந்து ஒயர மாத்திட்டுப் போய்ட்டான். நானும் உங்க பேரச் சொல்லித்தான் அவன ஏசுவேன்." சிரித்தாள். பிறகு எனக்குப் பின்னால் இருந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். "யாருக்கு மேடம்?"

"எம் பொண்ணு."

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. இருவரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்திட்டு மறுபடி போட்டுப் பாக்கட்டா மேடம்?" என்று கேட்டாள்.

"வேணாம். மொதல்லேருந்து ஆரம்பிக்கும்" என்றேன். இதை எழுதியவள் என்ற தகுதியில் நான் சொன்ன ஆலோசனை அது.

எண் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அதன் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. மற்றதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து அலுவலகம் போனேன். போன முதல் வேலையாக அந்த வட்டத்தை எடுத்துக்கொண்டேன். முதலாளி, "அத வேற யாராவது பாக்கட்டும்மா, நீங்க இப்ப வேணாம்" என்றார். பக்கத்து இருக்கைக்காரர், "சர்வர் பழசு மேடம், அதான். புதுசு வாங்கச் சொல்லுங்க" என்றார். நான் இன்னும் நெட்வொர்க் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லும் ஒன்று உண்டு: நிரல் மெதுவாக இருந்தால் யூகிக்காதே, அளந்து பார். இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். அந்தப் பதிவு மேசைப் பெண்ணுக்கு மட்டும் இரண்டு வருடம் யூகத்தையே பதிலாகக் கொடுத்திருக்கிறேன்.

அளப்பதற்குப் புரொஃபைலர் என்று ஒரு கருவி இருக்கிறது. நிரல் ஓடும்போது கூடவே ஓடி, அதன் ஒவ்வொரு பகுதியும் எத்தனை தடவை அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரத்தைத் தின்றது என்று எழுதிக்கொண்டே வரும். ஓடி முடிந்ததும் ஒரு பட்டியல் தரும். பட்டியலில் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே இரண்டு நேரம் இருக்கும். ஒன்று மொத்த நேரம்: தான் கூப்பிட்ட மற்ற பகுதிகளுக்காகக் காத்திருந்ததும் சேர்த்து. இன்னொன்று சொந்த நேரம்: தான் மட்டுமே செலவழித்தது. மொத்த நேரத்தைப் பார்த்துப் பலபேர் ஏமாந்துவிடுவார்கள். மேலே நிற்கிற பகுதி பெரிய குற்றவாளி போலத் தெரியும். அது பாவம், வேறு யாருக்காகவோ காத்து நின்றிருக்கும். சொந்த நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மருத்துவமனையின் அனுமதியோடு பதிவுகளின் நகலை எங்கள் அலுவலகத்துச் சோதனை சர்வரில் ஏற்றினேன். என் கணினியிலிருந்து மகளின் முழுப் பெயரை அன்று சொன்னபடியே எழுத்துக்கூட்டித் தட்டினேன். புரொஃபைலரும் கூட ஓடியதால் இன்னும் மெதுவாகப் போனது. இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாமா என்று நினைத்தபோது அந்தப் பெண் சொன்ன டீ நினைவுக்கு வந்தது. எழவில்லை.

பட்டியல் வந்தது. நெட்வொர்க் எங்கோ கீழே, ஒரு விநாடிகூட இல்லை. சர்வர் சும்மா காத்துக்கொண்டிருந்திருக்கிறது. உச்சியில் ஒரே ஒரு பகுதி. பெயரோடு பெயரை ஒப்பிடும் பகுதி. நூற்று அறுபது கோடி தடவைக்கு மேல் அழைக்கப்பட்டிருந்தது. கிட்டத்தட்ட முழு நேரமும் அதன் சொந்த நேரம்.

அது என் பெருமைக்குரிய பகுதி. ஆறு வருடம் முன்பு எழுதினேன். எங்கள் ஊரில் ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதுவார்கள். பழைய குடும்பங்கள் பிரெஞ்சு முறையில், 'உ' சத்தத்துக்கு ஓ, யூ இரண்டு எழுத்தும் போட்டு, 'ஜ'வுக்கு முன்னால் ஒரு டி-யை நிறுத்தி, கடைசியில் சத்தமே இல்லாத ஓர் ஈ-யை ஒட்டி எழுதுவார்கள். அதே ஆளின் ஆதார் அட்டையில் எல்லாம் ஆங்கில முறையில் இருக்கும். குமார் என்ற நாலு பேர் வந்தால் அதில் இரண்டு குமாருக்கு எழுத்து வேறு. இதனால் ஒரே நோயாளிக்கு இரண்டு கோப்பு உருவாகி, ஒன்றில் எழுதிய ஒவ்வாமை மற்றதில் தெரியாமல் போன சம்பவம் ஒன்று நடந்தது. அப்போது நான் எழுதினேன். கொடுத்த பெயரில் எந்தெந்த எழுத்தை இரண்டு விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் மாற்றி மாற்றிப் போட்டு, வரக்கூடிய எல்லா வடிவங்களையும் உண்டாக்கி, ஒவ்வொன்றையும் பதிவில் உள்ள எல்லாப் பெயர்களோடும் ஒப்பிடும். முதலாளி பார்த்துவிட்டு, "இதெல்லாம் மெட்ராஸ்காரனுக்குத் தோணாதும்மா. பாண்டிக்காரிதான் எழுத முடியும்" என்றார். அன்று மதியம் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கித் தந்தார்.

மாற்றக்கூடிய எழுத்து ஒன்று என்றால் இரண்டு வடிவம். இரண்டு என்றால் நான்கு. ஆதாரில் உள்ள என் மகளின் பெயரில் மூன்று இடம், எட்டே வடிவம். எத்தா சிவிலில் உள்ள பெயரில் பதினான்கு இடம். பதினாறாயிரத்துச் சொச்சம் வடிவங்கள். ஒவ்வொன்றையும் அந்த மருத்துவமனையின் லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது அந்த வட்டம். எழுதிய காலத்தில் மருத்துவமனையும் சிறியது, நான் சோதித்த பெயர்களும் சிறியவை.

சின்னப் பெயரையும் தட்டிப் பார்த்தேன். அரை விநாடி.

'வேணாம், மொதல்லேருந்து ஆரம்பிக்கும்' என்று சொன்னேனே, அப்போது நிறுத்திவிட்டு ஆதார் பெயரைப் போட்டிருந்தால் அரை விநாடி. மருத்துவமனையின் பதிவேட்டில் அன்றைய தேடல் எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறது. பதின்மூன்று நிமிடம், சில விநாடிகள்.

அந்தப் பதிவேட்டில் ஆறு வருடத்துத் தேடல்கள் எல்லாமே இருக்கின்றன. ஒன்பது நிமிடம், பதினொரு நிமிடம், இருபத்திரண்டு நிமிடம். எதிரே நீளப் பெயர்கள். அவசரப் பிரிவிலிருந்து வந்தவை எவை என்றும் பார்க்கலாம். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிவிட்டேன்.

திருத்துவதற்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. எல்லாப் பெயர்களையும் ஒரு தடவை பொதுவான ஓர் எழுத்து முறைக்கு மாற்றி வைத்துக்கொண்டால் போதும். வருகிற பெயரையும் அதே முறைக்கு மாற்றி ஒரே தேடலில் எடுத்துவிடலாம். நாற்பது வரி. ஆறு வருடம் முன்பே எழுதியிருக்கக்கூடிய நாற்பது வரி. புதிய பதிப்பின் குறிப்பில், 'பெயர் தேடலின் வேகம் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று எழுதினேன். நாலைந்து நாளில் பதிவு மேசைப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. "மேடம் இப்ப பட்டு பட்டுனு வருது. டீ குடிக்கக்கூட நேரம் உட மாட்றீங்க. பொண்ணு எப்டி இருக்கு?" நன்றாக இருக்கிறாள் என்று பதில் போட்டேன்.

இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்கிறார் என் கணவர். என்னால் முடியவில்லை. மருத்துவர் சொன்ன அந்தக் 'கொஞ்சம்' இந்தப் பதின்மூன்று நிமிடம்தானா? காலையில் ஆரம்பித்த வலி அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, உப்பளம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து அந்த நாளையே பட்டியல் போட ஆரம்பித்தேன். மருத்துவமனை நேரங்கள் பதிவேட்டில் இருந்தன. அதன் சர்வர் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடியது, அதைக் கழித்தேன். மற்ற நேரங்கள் என் செல்பேசியில் இருந்தன. ஒரு செய்தி வந்த நேரம், நான் படித்த நேரம் இரண்டையுமே அது வைத்திருக்கிறது.

10.42, அவள்: "மம்மி வயிறு வலிக்குது. ரொம்ப."

10.44, நான்: "பீரியட்ஸா?"

10.45, அவள்: "தெர்ல. டேட் இன்னும் வரல."

10.51, நான்: "சுடுதண்ணி குடி. பேக்ல மாத்திரை இருக்கு பாரு. சரியாயிடும்."

11.37, அவள்: "வாந்தி எடுத்தேன்." 11.38-க்கு நான் படித்திருக்கிறேன். பதில் இல்லை.

12.21, அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி. பதினான்கு விநாடி.

1.06, நான்: "சாப்டியா? இப்ப எப்டி இருக்கு?"

1.08, அவள்: "பரவால்ல மம்மி."

3.48, அவளுடைய தோழி கூப்பிட்டாள். "ஆன்ட்டி, இவ எழுந்திரிக்கவே மாட்றா. கொஞ்சம் வர்றீங்களா?"

11.38-க்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. வேறொரு வாடிக்கையாளரின் அறிக்கைப் பக்கம் திறக்கப் பதினொரு விநாடி எடுத்தது. அதைப் புரொஃபைலரில் போட்டு இரண்டு விநாடிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். செல்பேசி மேசையில் ஒளிர்ந்தது. படித்தேன். காதில் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் கூப்பிடலாம் என்று நினைத்தேன். மாதாமாதம் அவளுக்கு வயிறு வலிக்கும். எனக்கும் அந்த வயதில் வலிக்கும், என் அம்மாவும் சுடுதண்ணீர்தான் சொன்னார்.

பட்டியலை முடித்து, சொந்த நேரம் என்ற பத்தியை நிரப்பினேன். ஆட்டோ, கல்லூரிக்குப் போனதும் மருத்துவமனைக்கு வந்ததும் சேர்த்து, நாற்பது நிமிடம். பெயர் தேடல், பதின்மூன்று. ஸ்கேனுக்கும் அறுவைக்கும் நடுவில் ரத்தப் பரிசோதனை, கையெழுத்து, மயக்க மருந்து மருத்துவர் வந்து சேர்ந்தது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். 10.42-இலிருந்து 3.48 வரை, ஐந்து மணி ஆறு நிமிடம். அதற்கு எதிரே 'நான்' என்று எழுதினேன். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினேன். அந்த வரி மேலே போய் நின்றது.

மகள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. இன்னும் இடது பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"என்ன இது? என்னய எக்ஸெல்ல போட்டுட்டியா?"

மூடப் பார்த்தேன். அவள் திரையைப் பிடித்துக்கொண்டாள். மேலிருந்து கீழே படித்தாள். அவளும் கணினிதான் படிக்கிறாள், விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தப்பா இருக்கு" என்றாள். "ஒன்னு எட்டுக்குப் பரவால்லன்னு சொன்னது நான். அதுக்கப்புறம் இருக்கற ரெண்டு மணி நாப்பது நிமிஷம் என் சொந்த நேரம். அத ஏன் உன்னுதுல போட்ட?"

"நீ பரவால்லன்னா நான் வராம இருந்துடறதா?"

"நான் ஏன் பரவால்லன்னேன் தெரியுமா? வலிக்குதுன்னு ரெண்டாவது தடவ சொன்னா நீ பயந்துடுவ. பயந்தா என்னயத்தான் திட்டுவ. காலைல சாப்பிடாமப் போன, ராத்திரி போன் பாத்த, அது இதுன்னு. வலியோட அதையும் கேக்கணுமேன்னுதான்." கோபமாகச் சொல்லவில்லை. பட்டியலில் விட்டுப்போன ஒரு வரியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

3.48-க்குத் தோழி கூப்பிட்டபோது நான் முதலில் கேட்டது "மத்தியானம் என்ன சாப்டா?" என்றுதான். அந்த வரியை நான் பட்டியலில் போடவில்லை.

அவள் விரல் திரையில் கீழே இறங்கி நின்றது. "பன்னெண்டு இருபத்தொன்னுக்கு எதிர்ல ஏன் காலியா இருக்கு?"

"இன்னும் கேக்கல."

"இத்தன நாளாவா?"

அன்று வாடிக்கையாளரின் அழைப்பில் இருந்ததால் கேட்கவில்லை. அப்புறம் ஆட்டோவில் அவளே பக்கத்தில் இருந்தாள். அறுவை நடந்தபோது வெளியே உட்கார்ந்து செல்பேசியை எடுத்தேன், கை வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதை ஓடவிடும் அந்தச் சின்ன முக்கோணத்தின் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துவிடுகிறேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "டைம் இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அவள் மேசையிலிருந்த என் செல்பேசியை எடுத்தாள். அவளுக்கு என் பூட்டு எண் தெரியும். செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள்.

"போடாத" என்றேன்.

"போடல." விரலை அழுத்திப் பிடித்தாள். "அது அன்னிக்குக் கேக்க வேண்டியது மம்மி." அந்தக் குரல் செய்தியை அழித்துவிட்டு, செல்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னடி சொன்ன அதுல?"

"மறந்துட்டேன்" என்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவரோரமாகவே நடந்து தன் அறைக்குப் போனாள். வலி இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். பரவால்ல என்று சொல்வாள் என்று தோன்றியது. கேட்காமல் எழுந்து அவள் பின்னாலேயே போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

பட்டியல் அந்தக் கணினியில் இன்னும் இருக்கிறது. 1.08-க்குப் பிறகு வருகிற நேரத்தை அவள் சொன்னபடி மாற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. 12.21-க்கு நேரே பதினான்கு விநாடி என்று இருக்கிறது. அதற்கடுத்த கட்டம் காலியாக இருக்கிறது.